சுவரிலிருந்து மதர்போர்டு வரை

பார்த்துப் பார்த்துப் பாகம் வாங்கி, சொந்தக் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் முதல் அழுத்தலில் உயிர் பெறவில்லை என்றால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அண்ணன் மகள் போன் செய்தபோது அவள் குரலில் பாதி அழுகை இருந்தது. "சித்தப்பா, போர்டு போயிருச்சுங்களா?" என்றாள். "போர்டெல்லாம் அவ்வளவு சுளுவாப் போகாது கண்ணு. எதையும் கழட்டாத, டீ போட்டு வை, வர்றேன்" என்றேன். அன்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். புதிதாக அசெம்பிள் செய்கிற எல்லாருக்கும் இது வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றதும் பலர் ராமைப் பிடுங்கி மாட்டுகிறார்கள். பிராசசரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். பிறகு எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். இப்படிக் கழற்றி மாட்டுவதில்தான் சாக்கெட்டின் நுண்ணிய பின் வளைகிறது, நல்ல பாகம் கெடுகிறது. கரண்ட் வருகிற வழியிலேயே நாமும் நடந்து போக வேண்டும். சுவர், பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளைப் பெட்டி, மதர்போர்டு, பிறகு பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும். ஒவ்வொரு இடத்திலும் நின்று, இதுவரை வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். வந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் அடுத்த இடத்துக்கு நகரக் கூடாது.

சுவரில் வேலை சுருக்கம். அந்தப் பிளக் பாயிண்ட்டில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேரே சுவரில் மாட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச்சில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப். முதல் முறை கட்டுகிறவர்கள் இதில் சறுக்குவது சர்வ சாதாரணம். பவர் கார்டின் முனை முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்பதையும் அழுத்திப் பாருங்கள். யாராவது பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தூக்கிக் கொடுத்திருந்தால், பின்னால் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது 115-இல் நின்றிருந்து நம் ஊர் 230 வோல்ட் உள்ளே போனால், பட்டாசுச் சத்தத்தோடு கதை முடிந்துவிடும். இப்போது வருகிற நல்ல எஸ்.எம்.பி.எஸ்களில் அந்த ஸ்விட்ச்சே கிடையாது.

அடுத்து மதர்போர்டு. சுவரில் ஸ்விட்ச்சைப் போட்டு, கேபினெட் பட்டனைத் தொடாமல் போர்டைப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் எங்கோ ஒரு சின்ன விளக்கு எரியும், அல்லது மாட்டிய மவுஸின் அடியில் வெளிச்சம் தெரியும். "ஆஃப் பண்ணின கம்ப்யூட்டர்ல ஏன் லைட் எரியுது, எங்கயாவது ஷார்ட்டா?" என்று பயந்து கேட்கிறவர்கள் உண்டு. இதில் பயப்பட ஒன்றுமில்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸில் கரண்ட் இருக்கிற வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று ஒரு தனி வழி எந்நேரமும் விழித்திருக்கும். பழைய நிற முறையில் அது ஊதா வயர். பட்டனை அழுத்துவதைக் கவனித்துக்கொண்டு காத்திருக்கும் சில்லுக்கு உணவு அதுதான். ஆகவே அந்த விளக்கு எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஒரு பாதி வேலை செய்கிறது, அதிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரும் ஓரளவு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. கேபினெட் பட்டனால் ஆஃப் செய்தால் போர்டில் மின்சாரம் இல்லை என்று நினைத்து ராமையோ கார்டையோ கழற்றக் கூடாது. பின்பக்க ஸ்விட்ச்சை அணைத்து, அந்தச் சின்ன விளக்கு அணைகிற வரை பொறுத்துத்தான் கை வைக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தினால் மட்டும் அசைவில்லை என்றால் சந்தேகம் பட்டன் வயர் மேல் திரும்ப வேண்டும். அண்ணன் மகள் கம்ப்யூட்டரில் கோளாறு இங்கேதான் இருந்தது. போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசையாக ஒன்பது பின்கள் நிற்கும். பத்தாவது பின் இருக்க வேண்டிய இடம் காலி. கேபினெட்டிலிருந்து வரும் பவர் பட்டன், ரீசெட் பட்டன், ஹார்ட் டிஸ்க் விளக்கு, பவர் விளக்கு நான்கும் இங்கேதான் சேர்கின்றன. எழுத்து கடுகு அளவில் இருக்கும். டார்ச்சை அடித்து மேனுவலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பவர் பட்டனின் இரட்டைத் துளை ஒரு பின் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒரு பின் பவர் பட்டனுக்கு உரியது, மற்றது பவர் விளக்குக்கு உரியது. அதை நகர்த்துவதற்கு முன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மேனுவல் காட்டிய இரண்டு பவர் பின்களையும் ஒரு நொடி சேர்த்துத் தொட்டேன். ஃபேன்கள் சுழன்றன. "அடப் பாவமே, இவ்வளவுதானா?" என்றாள். இந்தப் பின்களில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம், பயப்பட வேண்டாம். ஆனால் பக்கத்துப் பின்களைத் தொடாமல், அந்த இரண்டை மட்டும் தொட வேண்டும். பட்டன்களுக்குப் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டியதில்லை. எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்கு மட்டும்தான் திசை உண்டு. மாற்றி மாட்டினால் விளக்கு எரியாது, வேறொன்றும் கெடாது.

உள்ளே நடப்பது இதுதான். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு ஒரு வயரைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. 24 பின் கனெக்டரில் 16ஆம் பின் அது, பழைய முறையில் பச்சை வயர். அதைக் கண்டதும் எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் வழிகளைத் திறக்கிறது. திறந்த உடனே பிராசசர் ஓடிவிடாது. வோல்ட்டுகள் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள், 8ஆம் பின் வழியாக "எல்லாம் சரி" என்று ஒரு சமிக்ஞை போகும். கார்டு பச்சைக் கொடி காட்டாமல் ரயில் நகராதது போல, அது வராமல் போர்டு பிராசசரை எழுப்பாது. ஃபேன் ஓடுவதைப் பார்த்து மட்டும் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். ஃபேனுக்கு 12 வோல்ட் இருந்தால் போதும், பிராசசருக்கு அந்தச் சமிக்ஞையும் வேண்டும்.

ஃபேன் ஒரு துடிப்பு துடித்து உடனே நின்றுவிடுகிறதா? எங்கோ ஷார்ட் ஆகிறது, அதைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ். தன்னைத் தானே மூடிக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்துவதில் பயனில்லை. பின்பக்க ஸ்விட்ச்சை அணைத்துச் சற்று விட்டால்தான் அந்தப் பாதுகாப்புப் பூட்டு விடுபடும். பிறகு போர்டின் அடியைப் பாருங்கள். போர்டைத் தாங்குவதற்காகக் கேபினெட்டில் பித்தளைத் தண்டுகள் திருகியிருக்கும். கேபினெட் தயாரிப்பவர் பெரிய போர்டுக்கென்று ஒன்பது இடத்திலும் திருகி அனுப்பியிருப்பார், நீங்கள் சின்ன போர்டை வைத்திருப்பீர்கள். துளையே இல்லாத இடத்தில் நிற்கும் ஒரு தண்டு போர்டின் அடியில் முட்டி, சால்டர் புள்ளிகளைக் கேபினெட் உலோகத்தோடு சேர்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நேரான வழி, போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், அதன் ஃபேன், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். இவற்றோடு மட்டும் ஓட்டிப் பார்ப்பது. அட்டை மேல் ஓடி, கேபினெட்டுக்குள் ஓடவில்லை என்றால் குற்றவாளி தண்டுதான், அல்லது தவறி விழுந்து எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு ஸ்க்ரூ.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்பும் இடம், எட்டுப் பின் கனெக்டர்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து இரண்டு வகை எட்டுப் பின் வரும். ஒன்று பிராசசருக்கு, போர்டின் மேல் மூலையில் மாட்ட வேண்டியது. நான்கும் நான்குமாகப் பிரியும். மற்றது கிராபிக்ஸ் கார்டுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரியும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே நிலைமை தலைகீழ். பிராசசர் கனெக்டரில் கிளிப் இருக்கும் வரிசை முழுக்க 12 வோல்ட், எதிர் வரிசை கிரவுண்ட். கிராபிக்ஸ் கனெக்டரில் கிளிப் இருக்கும் வரிசை முழுக்கக் கிரவுண்ட். இதற்காகவே பின்களின் வடிவத்தைச் சதுரமாகவும் மூலை வெட்டியதாகவும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள், தவறானது எளிதில் நுழையாது. ஆனால் "புதுசு, டைட்டா இருக்கு" என்று கட்டை விரலால் திணித்தால் நுழைந்துவிடும். அப்போது 12 வோல்ட் நேரே கிரவுண்டில் போய் விழும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். உடனே நிறுத்திக்கொள்ளும். மலிவானதை நம்ப முடியாது. மாட்டும்போது எதிர்ப்பு தெரிந்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், கையை எடுத்துவிட்டுக் கேபிளின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

பிராசசரின் எட்டுப் பின்னை மாட்டவே மறந்தவர்களும் உண்டு. கேபினெட்டின் மேல் மூலையில், கூலருக்குப் பின்னால், கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் மறப்பது இயல்பு. எல்லா ஃபேனும் ஓடும், திரையில் ஒன்றும் வராது. 24 பின்னோடு இதையும் சேர்த்து, கிளிப் 'டக்' என்று விழும் வரை அழுத்துங்கள்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை. போர்டு பக்க முனைக்கு ஒரு பொதுவான ஒழுங்கு உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்க முனைக்குக் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வயர்களை அடுக்கியிருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் கேபிள் அழகாகப் பொருந்துகிறதே என்று புதியதில் மாட்டினால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போகும். ஹார்ட் டிஸ்க்கோடு அதில் இருக்கும் கல்யாண போட்டோக்களும் போய்விடும். எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் கேபிள்களையும் சேர்த்து மாற்றுங்கள். விதிவிலக்கு வேண்டாம்.

பெரிய கிராபிக்ஸ் கார்டுகளில் இப்போது 16 பின் கனெக்டர் வருகிறது. 600 வாட் வரை கொண்டுபோகக் கூடியது. 600-ஐ 12-ஆல் வகுத்தால் 50 ஆம்பியர். ஆறு பின்கள் அதைப் பகிர்ந்துகொண்டாலும் ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வருகிறது, பின்களோ மெல்லியவை. 2022 கடைசியில் ஆர்.டி.எக்ஸ். 4090 வந்தபோது இந்தக் கனெக்டர்கள் உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. முழுக்க உள்ளே போகாமல் பாதியில் நின்ற கனெக்டர் ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2023-இல் இந்த வடிவத்தைத் திருத்தினார்கள். சமிக்ஞைப் பின்களைக் குட்டையாக்கி, முழுக்க அழுந்தாவிட்டால் கார்டு முழு மின்சாரம் கேட்காதபடி செய்தார்கள். எது வந்தாலும் கனெக்டருக்கும் கார்டுக்கும் நடுவில் இடைவெளி தெரியக் கூடாது. வயரும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும். கேபினெட் கண்ணாடி முட்டுகிறது என்று வயரை மடக்கித் திணிப்பது ஆபத்து.

எல்லாம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் பவர் கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. மானிட்டர் கேபிளைப் போர்டில் மாட்டாமல் கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள். இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் போடுங்கள். டி.டி.ஆர்.5 ராம் உள்ள புதிய போர்டு முதல் முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட எடுக்கும். அந்த நேரத்தில் திரையில் ஒன்றும் வராது. பொறுமையில்லாமல் நடுவில் அணைத்தால் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எழுந்து போய் இன்னொரு டீ போடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். மீதே சந்தேகமா? எல்லாவற்றிலிருந்தும் அதைக் கழற்றி, 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னையும் அதன் பக்கத்து 17ஆம் பின்னையும் ஒரு பேப்பர் கிளிப்பால் சேர்த்து, பிறகு ஸ்விட்ச் போடுங்கள். ஃபேன் ஓடினால் எழுந்துகொள்கிறது. சூடானால்தான் ஃபேன் ஓடும் மாடல் என்றால் ஓடாமலும் இருக்கும், அதனால் மல்டிமீட்டர் வைப்பதே உத்தமம். 12 வோல்ட் வழி 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், 5 வோல்ட் வழி 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்தால் பழுதானதும் சரியாகக் காட்டும். கம்ப்யூட்டர் கனமான வேலை செய்யும்போது அளப்பதுதான் அளவு. திரையில் வோல்ட் காட்டும் சாஃப்ட்வேர் 10.8 என்று காட்டியதற்காக யாரும் தூக்கம் இழக்க வேண்டாம். அந்த உணரிகள் பல போர்டுகளில் துல்லியமானவை அல்ல, மீட்டரை நம்புங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு அருகில் சேர்ந்திருக்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கும்.

இனி எர்த். சுவரைப் பற்றிப் பேசியபோது இதை வேண்டுமென்றே தள்ளி வைத்தேன், ஏனென்றால் எர்த் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். ஓடுகிறதே என்று நம் வீடுகளில் அதைக் கண்டுகொள்வதில்லை. கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவைப் புறங்கையால் தொடும்போது 'சுர்' என்கிறதா? வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்றால் இன்னும் தெளிவாகத் தெரியும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். உடனே எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகிறது என்று அதை மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் அது குற்றமற்றது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட, பேஸிலிருந்து ஒரு சிறிய கெப்பாசிட்டரும் நியூட்ரலிலிருந்து இன்னொன்றும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அந்தத் துளி மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் உலோகம் இரண்டுக்கும் நடுவில் தொங்கி, 230-இல் பாதியளவு வோல்ட்டில் நிற்கும். மின்சாரம் மிகச் சிறிது என்பதால் சுருக்கென்று மட்டும் இருக்கிறது. நாளைக்கு உள்ளே உண்மையாகவே ஒரு பேஸ் வயர் கேபினெட்டைத் தொட்டால் இந்தச் சுருக்கோடு நிற்காது.

ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ், நியூட்ரல் நடுவில் 230 ஒட்டி வரும். பேஸ், எர்த் நடுவிலும் அதே அளவு வர வேண்டும். 60, 90 என்று தள்ளாடினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. நியூட்ரல், எர்த் நடுவில் ஓரிரு வோல்ட் இருப்பது இயல்பு. வீட்டில் எல்லாம் ஓடும்போதும் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் எனக்குச் சந்தேகம் வரும். சில வயர்மேன்கள் ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரைப் போட்டு, "எர்த் குடுத்தாச்சுங்க" என்று போய்விடுவார்கள். டெஸ்டர் எரியாது, சுருக்கும் நின்றுவிடும். என்றைக்காவது வழியில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் முழுக்க உங்கள் கேபினெட்டின் மேல் வந்து நிற்கும். தொடுகிறவர் உயிருக்கு உத்தரவாதமில்லை. இதைக் கண்டால் அன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். எர்த் வயர் தனியாக மெயின் போர்டுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வெளியே இருக்கும் எர்த் குழிக்குப் போக வேண்டும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால் கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். மூன்று பின்னை இரண்டாக மாற்றும் அந்தச் சின்ன அடாப்டரைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சம்ப் மோட்டார் போடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். மோட்டார் கிளம்பும்போது வோல்ட் ஒரு கணம் சரியும். சுமார் 17 மில்லி செகண்ட் வரை நல்ல எஸ்.எம்.பி.எஸ். தாக்குப் பிடிக்கும், அதற்கு மேல் கை விட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் ஸ்விட்ச் யூ.பி.எஸ். என்ற பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றப் பக்கத்தில் பேட்டரிக்கு மாற அதிக நேரம் எடுக்கும், ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் தெரியாத அந்த இடைவெளியில் கம்ப்யூட்டர் விழுந்துவிடும். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரோடு புதிய எஸ்.எம்.பி.எஸ்கள் ஒத்துப்போவதில்லை, சைன் அலை தருவதாகப் பாருங்கள். தனியாக யூ.பி.எஸ். வாங்கினால் வி.ஏ. கணக்கை வாட் என்று நினைக்க வேண்டாம். 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து அதற்குள் அடங்குமா என்று கூட்டிப் பாருங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் யூ.பி.எஸ்ஸில் மாட்டாதீர்கள். அது உருளையைச் சூடாக்கும் நேரத்தில் இழுக்கும் கரண்ட்டில் சின்ன யூ.பி.எஸ். படுத்துவிடும், அதற்குச் சுவர்ப் பாயிண்ட்டே போதும்.